சிற்றூர்க் குழாய்த் தண்ணீர்: கடினத்தன்மையும் தரமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு மோட்டார், ஒரு மேல்நிலைத் தொட்டி, அங்கிருந்து நூறு இருநூறு வீடுகளுக்குக் குழாய். எத்தனையோ சிற்றூர்களின் குடிநீர் அமைப்பு மொத்தமே இவ்வளவுதான். முழுநேர வேதியியலாளரோ ஆய்வகமோ அங்கே இருக்காது. அதனால் தண்ணீரைப் பற்றிய சந்தேகமெல்லாம் மோட்டார் போடுபவரிடம் போய்ச் சேரும். அவற்றில் பாதி, பாத்திரத்தில் படியும் வெள்ளையைப் பற்றியதாகவே இருக்கும். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

கடினநீர் என்பது உப்புத் தண்ணீர்தானா?

பேச்சில் இரண்டையும் உப்புத் தண்ணீர் என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சமையலுப்பு. கடினத்தன்மையைத் தருவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். ஒரு தண்ணீர் கரிக்காமலேயே மிகக் கடினமாக இருக்கலாம். நன்றாகக் கரித்தும் கடினம் குறைவாக இருக்கலாம்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதை மெல்ல மெல்லக் கரைக்கிறது. எவ்வளவு காலம், எந்தப் பாறையோடு கிடந்தது என்பதைப் பொறுத்துக் கடினம் கூடும், குறையும். அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றில் தண்ணீர் வேறு மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு இருந்தால் கடினம் என்று சொல்வது?

கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டின் கணக்கில், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வது வழக்கம். 60 வரை மென்நீர், 61 முதல் 120 வரை மிதமான கடினம், 121 முதல் 180 வரை கடினம், 180க்கு மேல் மிகக் கடினம். பரவலாகப் பயன்படும் பிரிவு இது. சில கருவிகளின் கையேட்டில் ஜெர்மன் டிகிரி என்று போட்டிருப்பார்கள். ஒரு ஜெர்மன் டிகிரி என்றால் 17.8 மில்லிகிராம். பிரெஞ்சு டிகிரி என்றால் 10.

ஆய்வக அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை இல்லாமல் கால்சியமும் மெக்னீசியமும் மட்டும் தனித்தனியாக இருந்தால் நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கால்சியத்தை 2.5 ஆல், மெக்னீசியத்தை 4.1 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். கால்சியம் 96, மெக்னீசியம் 36 என்றால் 240ம் 148ம் சேர்ந்து 388. மிகக் கடினம்.

கொதிக்க வைத்தால் மட்டும் ஏன் இவ்வளவு வெள்ளை படிகிறது?

தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. சூடு ஏறினால் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது கால்சியம் கார்பனேட். அது சுடுநீரில் இன்னும் குறைவாகவே கரையும் என்பதால் பாத்திரத்தின் அடியிலும் ஹீட்டர் கம்பியிலும் ஒட்டிக்கொள்கிறது. இப்படிக் கொதிக்க வைத்தால் விலகும் பகுதிக்குத் தற்காலிகக் கடினத்தன்மை என்று பெயர். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது எவ்வளவு கொதித்தாலும் போகாது. அது நிரந்தரக் கடினத்தன்மை.

தற்காலிகக் கடினம் 300 உள்ள தண்ணீரை ஒரு வீட்டில் தினமும் 10 லிட்டர் கொதிக்க வைக்கிறார்கள் என்று வையுங்கள். அத்தனையும் படிந்தால் நாளுக்கு 3 கிராம், வருடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். ஹீட்டர் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். படிவு ஒரு போர்வை மாதிரி. கம்பியின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி, கம்பி எரிந்துவிடும்.

கடினநீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வருமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பாத்திரத்தில் கல் மாதிரிப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் படியும் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. உணவோடு சேரும் கால்சியம், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துக்கொள்வதும் உண்டு. அந்த வகையில் அது கல்லுக்கு எதிரியாகக்கூட நிற்கிறது. கடினநீரால் கல் வருகிறது என்று ஆய்வுகளில் உறுதியாக நிறுவப்படவில்லை. தண்ணீர் போதாமல் குடிப்பதுதான் நன்கு நிறுவப்பட்ட காரணம். தண்ணீர் பிடிக்கவில்லை என்று குறைவாகக் குடித்தால் பயந்தது நடந்துவிடும். ஏற்கெனவே கல் வந்தவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. சுவையும் சௌகரியமும்தான் பிரச்சினை. 500க்கு மேல் உள்ள தண்ணீரையும் பழகியவர்கள் குடிக்கிறார்கள்.

முடி கொட்டுவது, தோல் வறண்டு போவது?

கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறும். நுரை வராது, அந்தப் பிசுக்கு முடியிலும் தோலிலும் தங்கும். முடி சொரசொரப்பாகி உடைவது உண்மை. வேரோடு கொட்டுவதற்குத் தண்ணீரைக் குற்றம் சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. கடினநீர் உள்ள பகுதிகளில் குழந்தைகளுக்குத் தோல் அழற்சி சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டின. ஆனால் 336 குழந்தைகளை வைத்து நடந்து 2011இல் வெளியான ஒரு சோதனையில், வீட்டில் மென்மையாக்கும் கருவி பொருத்தியும் கூடுதல் பலன் தெரியவில்லை. சோப்பை நன்றாக அலசுவதும், சோப்புக்குப் பதில் நுரைக்கும் திரவம் பயன்படுத்துவதும் செலவில்லாத வழிகள்.

டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண் எவ்வளவு இருந்தால் நல்லது?

அந்தப் பேனா மாதிரிக் கருவி மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்துள்ள மொத்தப் பொருளைத் தோராயமாகச் சொல்கிறது. 600க்குள் இருந்தால் பொதுவாகச் சுவை நன்றாக இருக்கும். 1000 தாண்டினால் குடிக்கக் குடிக்கப் பிடிக்காமல் போகும். அதற்கு மேல் அந்த எண்ணிடம் எதிர்பார்க்கக் கூடாது. கால்சியமா, சமையலுப்பா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருந்தால் எண் அசையவே அசையாது. ஆர்சனிக் ஆளைப் பாதிக்கும் அளவில் இருந்தாலும் மீட்டரில் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு வித்தையைச் சொல்லிவிட வேண்டும். கருவி விற்க வருபவர் இரண்டு தம்ளர்களில் குழாய்த் தண்ணீரும் அவருடைய தண்ணீரும் ஊற்றி, மின்கம்பிகளை இறக்குவார். சில நிமிடங்களில் குழாய்த் தண்ணீர் மட்டும் பழுப்புச் சேறாகிவிடும். ‘இதைத்தான் குடிக்கிறீர்கள்’ என்பார். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்தது அல்ல. கருவியின் இரும்புக் கம்பி அரிந்து வந்த துரு. அவருடைய தண்ணீரில் தாதுக்கள் இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை, கம்பி அரியவில்லை. அதிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லிப் பாருங்கள். அதுவும் பழுப்பாகிவிடும்.

கடினத்தன்மையை வீட்டிலேயே அளக்க முடியுமா?

தோராயமாக முடியும். ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சில சொட்டுத் திரவச் சோப்பு, மூடிக் குலுக்க வேண்டும். பொங்கி நுரைத்து, கீழே தெளிவாக இருந்தால் மென்மை. நுரை மெலிந்து தண்ணீர் பால்போலக் கலங்கினால் கடினம். டிடர்ஜென்ட் வகைத் திரவத்தில் இது சரியாகத் தெரியாது. உண்மையான சோப்பு வேண்டும். எண் வேண்டுமென்றால் சொட்டுச் சோதனைப் பெட்டி இருக்கிறது. சிவப்பு நீலமாகும்வரை சொட்டுகளை எண்ணுவது, அவ்வளவுதான். ஆய்வகத்தில் செய்வதும் ஏறக்குறைய இதே முறைதான்.

கடினத்தன்மை ஆபத்து இல்லையென்றால், எதற்குப் பயப்பட வேண்டும்?

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு. வெள்ளைப் படிவு தினமும் கண்ணில் படுவதால் ஊரின் புகார் எல்லாம் அதன்மேலேயே போய்விடுகிறது. உண்மையில் ஆளைச் சாய்க்கக்கூடியது நிறமும் மணமும் சுவையும் இல்லாமல் வரும்.

முதலிடம் கிருமிகளுக்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிறிய ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில், பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணம் கலந்த நீர் ஆழமில்லாத ஒரு கிணற்றில் இறங்கியது. குளோரின் போதுமான அளவு போடப்படவில்லை. தினசரிப் பதிவேட்டிலோ அளக்காத எண்களை எழுதியிருந்தார்கள். 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். அந்தக் கிருமிகளில் ஒன்று, குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் கொடிய வகை. குடித்தவர்களுக்குத் தண்ணீரில் வித்தியாசம் எதுவும் தெரிந்திருக்காது. சிற்றூர்க் குடிநீரைக் கவனிக்கும் எவரும் இந்தக் கதையை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்பதே விதி. ஈ.கோலையில் பல வகைகள் சாதுவானவைதான். ஆனால் ஒன்று இருந்தாலும் மலம் கலந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து நைட்ரேட். உரம் போட்ட வயல், கழிவுநீர்க் குழி, கால்நடைக் கொட்டகை இவற்றின் அருகிலுள்ள கிணறுகளில் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்க இந்த வரம்பைத் தாண்டிய தண்ணீரைப் பயன்படுத்தினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயலாம்.

ஃபுளோரைடுக்கு வரம்பு 1.5. தாண்டினால் குழந்தைகளின் பல்லில் கறை. பல ஆண்டுகள் மிக அதிகமாகப் போனால் எலும்பே கெடும். இதில் ஒரு விசித்திரம்: கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். அதனால் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்த, நன்றாக நுரைக்கும் தண்ணீராக இருக்கிறது. ‘நல்ல தண்ணீர்’ என்று தேடிப்போய்ப் பிடித்துவரும் தண்ணீரையும் பரிசோதிக்காமல் நம்பக் கூடாது.

ஆர்சனிக், ஈயம் இரண்டுக்கும் 0.01 மில்லிகிராம். ஆர்சனிக் பாறையிலிருந்து வரும். ஈயம் பெரும்பாலும் பழைய குழாய், பற்றுவைத்த இணைப்பு, மலிவான பித்தளைக் குழாய்முனை ஆகியவற்றிலிருந்து வரும். மென்மையான, பிஎச் குறைந்த (அதாவது அமிலத்தன்மை கூடிய) தண்ணீர் உலோகத்தை அரிக்கும். கடினநீர் பல சமயம் குழாயின் உள்ளே பூச்சுப் பூசிக் காக்கும். இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் முதலில் பாத்திரம் துலக்க விட்டுவிட்டு, அப்புறம் குடிக்கப் பிடிப்பது நல்ல பழக்கம்.

தண்ணீரின் நிறமும் வாடையும் எதைச் சொல்கின்றன?

பால்போல வெண்மையாக வந்து, தம்ளரின் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைக்க வைக்கச் சிவந்தால் கரைந்த இரும்பு. 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியில் கறை பிடிக்கும். பிடிக்கும்போதே சிவப்பு என்றால் துரு. கருப்புத் துகள் மாங்கனீஸாக இருக்கலாம். தொட்டியில் பச்சை நீலக் கறை என்றால் செம்புக் குழாய் அரிகிறது.

அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. சுடுதண்ணீரில் மட்டும் அந்த வாடை என்றால் கிணற்றைத் திட்ட வேண்டாம். ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியைப் பாருங்கள். தெளிவாக வந்த தண்ணீர் மழைக்குப் பிறகு திடீரென்று கலங்கினால் மட்டும் உடனே கவலைப்படுங்கள். மேல்தண்ணீர் நேராகக் கிணற்றுக்குள் இறங்குகிறது என்று பொருள்.

குளோரின் வாடை பிடிக்கவில்லை. போடாமல் விடக் கூடாதா?

கூடாது. தொட்டியில் கொன்ற கிருமி குழாயில் திரும்ப வரலாம். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில், விடாத நேரம் குழாயில் அழுத்தம் இல்லை. ஒரு விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படும். குழாயின் கடைசி வீட்டிலும் கொஞ்சம் குளோரின் மிஞ்சியிருந்தால்தான் காவல். தொட்டியில் அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், குழாய்முனையில் குறைந்தது 0.2.

அளவு இப்படி: 10,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் போட வேண்டுமென்றால் 20 கிராம் குளோரின் வேண்டும். பிளீச்சிங் பவுடரில் கால் பங்குதான் குளோரின் என்றால் 80 கிராம் பவுடர். அதை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். அடிச்சுண்ணாம்பு தொட்டிக்குப் போக வேண்டியதில்லை. மூட்டையைத் திறந்து மாதக்கணக்கில் வைத்தால் பவுடர் வீரியம் இழந்துவிடும். வாடை மட்டும் மிஞ்சும். அதனால் கணக்கை நம்பாமல் கடைசி வீட்டுக் குழாயில் சோதனை மாத்திரை போட்டு இளஞ்சிவப்பு வருகிறதா என்று பாருங்கள். பிஎச் 8க்கு மேல் போனால் குளோரின் மந்தமாகும். கலங்கல் இருந்தால் கிருமி அதற்குள் ஒளிந்துகொள்ளும். முதலில் தெளியவிட வேண்டும்.

வாடை பிடிக்காதவர்கள் திறந்த பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்துக் குடிக்கலாம்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கிருமி சாகும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். தற்காலிகக் கடினமும் ஓரளவு இறங்கும். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும். நைட்ரேட் பிரச்சினை உள்ள ஊரில் குழந்தைக்காகத் தண்ணீரை வெகுநேரம் காய்ச்சுவது அன்பினால் செய்யும் தவறு.

மென்மையாக்கும் கருவியா, ஆர்ஓவா, காந்தமா?

மூன்றும் மூன்று வேலை. மென்மையாக்கும் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். அவ்வப்போது உப்புக்கரைசலால் அதைக் கழுவ வேண்டும். அந்தக் கழிவு எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கிருமி, நைட்ரேட், ஃபுளோரைடு எதையும் அது தொடாது. ஹீட்டருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் போகும் குழாயில் மட்டும் பொருத்திவிட்டு, குடிக்கவும் செடிக்கும் ஒரு குழாயைப் பழையபடியே விட்டுவிடுவதே என் விருப்பம். சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.

ஆர்ஓ, தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளி, பெரும்பாலும் எல்லாவற்றையும் நீக்கும். அதற்கு விலையாகப் பாதிக்கு மேல் தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளும் வீட்டுக் கருவிகள் நிறைய. ஃபுளோரைடோ ஆர்சனிக்கோ இருந்தால் குடிநீருக்கு மட்டும் அது நியாயமான வழி. வெறும் வெள்ளைப் படிவுக்காக என்றால் ஈயை அடிக்க உலக்கை. புற ஊதாக் கதிர் விளக்கான யுவி கிருமியை மட்டும் கொல்லும். ஆனால் கடினம் 120 தாண்டினால் விளக்கின் கண்ணாடி உறையில் படிவு கட்டி ஒளி மங்கும்.

படிவைத் தடுக்கும் என்று குழாயில் மாட்டும் காந்தம் பற்றி: சோதனைகளில் ஒரே மாதிரி முடிவு வந்ததில்லை. நான் வாங்க மாட்டேன்.

ஊர் முழுவதற்கும் சேர்த்து மென்மையாக்க முடியாதா?

முடியும். ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க் 1841லேயே சுண்ணாம்பு சேர்த்துக் கடினத்தன்மையைப் படியவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்பைப் போட்டுச் சுண்ணாம்பை எடுப்பது! வேலை செய்யும், ஆனால் அளவு பார்க்க ஆளும், வண்டலைக் கொட்ட இடமும் வேண்டும். சிற்றூருக்கு எளிய வழி கலப்பது. 500 உள்ள கிணற்றையும் 150 உள்ள கிணற்றையும் சரிபாதி கலந்தால் 325.

படிந்த வெள்ளையை எப்படி நீக்குவது?

வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம் ஊற்றி ஊறவைத்தால் கரைந்துவிடும். கத்தியால் சுரண்ட வேண்டாம். அமிலம் ஊற்றும் இடத்தில் பிளீச்சிங் பவுடரோ திரவமோ சேரவே கூடாது. நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

பரிசோதனைக்குத் தண்ணீர் எப்படிப் பிடிக்க வேண்டும்?

எதற்கான பரிசோதனை என்பதைப் பொறுத்தது. கிருமிக்கு என்றால் ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டில்தான் வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தூள் குளோரினை முறிப்பதற்கு. அழுக்கு என்று கழுவிவிடாதீர்கள். குழாய்முனையின் சல்லடையைக் கழற்றி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, விளிம்பைத் தொடாமல் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். மிஞ்சிப் போனால் ஒரு நாள். ஈயத்துக்கு என்றால் நேர் எதிர்: இரவெல்லாம் நின்ற தண்ணீரின் முதல் லிட்டரையே பிடிக்க வேண்டும். கடினத்தன்மைக்குச் சுத்தமான எந்தப் பாட்டிலும் போதும்.

தொட்டியடியில் ஒன்று, கடைசி வீட்டில் ஒன்று எடுங்கள். தொட்டி சுத்தம், கடைசி வீடு அசுத்தம் என்றால் கோளாறு நடுவில் குழாயில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறைதான் முடியும் என்றால் கிருமிச் சோதனையை மழைக்காலத்தில் வையுங்கள், கடினத்தன்மையை நீர்மட்டம் இறங்கிய கோடையில் பாருங்கள். தேதியோடு அறிக்கைகளை ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். நைட்ரேட் ஐந்து வருடங்களில் 20இலிருந்து 40க்கு ஏறியிருப்பது ஒரே ஒரு அறிக்கையைப் பார்த்தால் தெரியாது.